முன்மாரியும் பின்மாரியும் (யோவேல் நூல்)

முன்மாரி, பின்மாரி என்பன தமிழ் விவிலியத்தில் வழங்கும் இரு பருவமழைப் பெயர்கள் ஆகும். எபிரேய மொழியில் யோரே, மல்கோஷ் எனப்படும் மழைகளை இவை குறிக்கின்றன. இவ்விரு மழைகளையும் இறைவன் மீண்டும் தருவார் என்னும் வாக்குறுதி யோவேல் இறைவாக்கினர் நூலின் இரண்டாம் அதிகாரத்தில் (2:18-27) இடம்பெறுகிறது. களங்கள் தானியத்தால் நிறையும், வெட்டுக்கிளிகள் தின்ற ஆண்டுகளின் விளைவு ஈடுசெய்யப்படும், மக்கள் உண்டு நிறைவடைவர் என்பவை அவ்வாக்குறுதியின் பிற கூறுகள்.

இப்பகுதி கிறித்தவ வழிபாடுகளிலும் மறையுரைகளிலும் அடிக்கடி எடுத்தாளப்படுவது. தனிமனிதனின் பொருளாதார முன்னேற்றம் குறித்த வாக்காகவும், தூய ஆவியின் பொழிவு குறித்த உருவகமாகவும் இது விளக்கப்படுவதுண்டு. ஆனால் இவ்வாக்கு முதன்முதலில் சொல்லப்பட்டபோது, மழையை மட்டுமே நம்பி வேளாண்மை செய்த ஒரு சிறிய மலைநாட்டின் பஞ்சத்துக்கு விடையாகவே அமைந்தது. அச்சூழலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் வாசகர்கள் 'மாரி' என்ற சொல்லைத் தம் நிலத்தின் மழையோடு இணைத்தே புரிந்துகொள்வதால், காவிரிக் கடைமடையில் அமைந்த காரைக்கால் வட்டாரத்தின் மழையும் பாசனமும் இங்கு ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

சொற்பொருள்

யோரே என்பது அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் பெய்யும் முதல் மழை ஆகும். நீண்ட கோடையில் இறுகிப் பிளந்த மண்ணை இது இளக்கும். இம்மழை பெய்த பின்னரே உழவும் விதைப்பும் தொடங்கும். மல்கோஷ் என்பது மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் பெய்யும் கடைசி மழை. கதிர் பிடித்த வாற்கோதுமையிலும் கோதுமையிலும் மணி முற்றுவதற்கு இது இன்றியமையாதது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் பெய்வதே ஆண்டு மழையின் பெரும்பகுதி எனினும், தொடக்கமும் முடிவும் தவறினால் இடைமழையால் பயன் குறைவு. முதல் மழை தாமதித்தால் விதைப்பு தள்ளிப்போகும். கடைசி மழை பொய்த்தால் பயிர் வளர்ந்தும் மணி பதராகும்.

பழங்காலப் பாலத்தீனத்தின் வேளாண் ஆண்டைப் பற்றி அறிய உதவும் சான்றுகளுள் ஒன்று கெசேர் நாட்காட்டி ஆகும். 1908ஆம் ஆண்டில் கெசேர் அகழாய்வில் கிடைத்த இச்சிறிய சுண்ணாம்புக் கல் பலகை, பொதுவாகக் கி.மு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. விதைப்பு, பின்விதைப்பு, ஆளி அறுவடை, வாற்கோதுமை அறுவடை, கோடைக் கனிகள் என மாதங்களை வேளாண் பணிகளின் பெயராலேயே இது வரிசைப்படுத்துகிறது. இதில் பின்விதைப்பைக் குறிக்கும் லெகெஷ் என்ற சொல்லும், பின்மாரியைக் குறிக்கும் மல்கோஷ் என்ற சொல்லும் ஒரே வேர் உடையவை.

முன்மாரி, பின்மாரி ஆகிய இரண்டும் சேர்ந்து வரும் இடங்கள் விவிலியத்தில் பல உள்ளன. இணைச் சட்டம் (உபாகமம்) 11:14, எரேமியா 5:24, புதிய ஏற்பாட்டில் யாக்கோபு 5:7 ஆகியவை அவற்றுள் சில. யாக்கோபு இவ்விரு மழைக்கும் காத்திருக்கும் உழவனைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறார்.

யோவேல் நூலின் காலம்

யோவேல் நூல் எழுதப்பட்ட காலம் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கி.மு. 9ஆம் நூற்றாண்டு முதல் 4ஆம் நூற்றாண்டு வரை பல காலங்கள் முன்மொழியப்பட்டுள்ளன. பிற இறைவாக்கினர் நூல்களைப் போல இந்நூல் எந்த அரசனின் ஆட்சியாண்டையும் குறிப்பிடாததே இதற்கு முதன்மையான காரணம்.

எனினும், பாபிலோனிய நாடுகடத்தலுக்குப் பிந்திய பாரசீக ஆட்சிக் காலத்தில் இந்நூல் எழுதப்பட்டது என்பதே இன்று பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து. அதற்குக் கூறப்படும் சான்றுகள் வருமாறு:

* நூலில் அரசனோ அரசவையோ குறிப்பிடப்படவில்லை. மூப்பர்களும் குருக்களுமே மக்களை வழிநடத்துகின்றனர்.
* கோவில் வழிபாடு நடைபெறுவதாக நூல் கொள்கிறது. எருசலேம் கோவில் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது கி.மு. 515ஆம் ஆண்டளவில் ஆகும்.
* மக்கள் நாடுகளிடையே சிதறடிக்கப்பட்டது கடந்தகால நிகழ்வாகச் சொல்லப்படுகிறது.
* யூதா மக்கள் கிரேக்கருக்கு அடிமைகளாக விற்கப்பட்ட செய்தி மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது.

இக்காலத்தில் யூதா, பாரசீகப் பேரரசின் ஒரு சிறு மாநிலமாக இருந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் பேரரசுக்குரிய வரி நிற்கவில்லை. பஞ்ச காலத்தில் தானியம் வாங்குவதற்காக வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் வீடுகளையும் அடகு வைத்ததாகவும், அரச வரி கட்டக் கடன் வாங்கியதாகவும், பிள்ளைகளை அடிமைகளாக விட நேர்ந்ததாகவும் மக்கள் முறையிட்ட செய்தி நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் உள்ளது. ஒரு பருவம் மழை தவறினால் ஒரு குடும்பம் தன் நிலத்தை மட்டுமன்றித் தன் பிள்ளைகளையும் இழக்கக்கூடும் என்பதே இதன் பொருள். யோவேலின் வாக்குறுதி இத்தகைய மக்களை நோக்கிச் சொல்லப்பட்டதாகும்.

வெட்டுக்கிளிகளும் வறட்சியும்

யோவேல் நூலின் முதல் அதிகாரம் வெட்டுக்கிளிப் படையெடுப்பை விவரிக்கிறது. காசாம், அர்பே, யெலெக், காசீல் என நான்கு எபிரேயச் சொற்கள் இதில் ஆளப்படுகின்றன. இவை நான்கு வகைப் பூச்சிகளைக் குறிக்கின்றனவா, ஒரே வெட்டுக்கிளியின் வளர்ச்சி நிலைகளைக் குறிக்கின்றனவா என்பது பற்றி வேறுபட்ட கருத்துகள் உள்ளன. தமிழில் பரவலாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் இவை பச்சைப்புழு, வெட்டுக்கிளி, பச்சைக்கிளி, முசுக்கட்டைப்பூச்சி எனப் பெயர் பெற்றுள்ளன. இங்குப் பச்சைக்கிளி என்பது பறவையைக் குறிக்காது. பயிரைத் தின்னும் பச்சை நிறப் பூச்சியையே குறிக்கும்.

பாலைவன வெட்டுக்கிளிகளின் அழிவாற்றல் மிகப் பெரியது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடி வரையான பூச்சிகள் இருக்கலாம் என்றும், அத்தகைய கூட்டம் ஒரே நாளில் ஏறத்தாழ 35,000 மனிதர்களுக்குரிய உணவை உண்ணக்கூடும் என்றும் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு கணித்துள்ளது. 1915ஆம் ஆண்டில் பாலத்தீனத்தைத் தாக்கிய வெட்டுக்கிளிகள் அங்கிருந்தோரால் ஒளிப்படங்களுடன் பதிவு செய்யப்பட்டன. 15 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் ஒவ்வொருவரும் 20 கிலோ வெட்டுக்கிளி முட்டைகளைச் சேகரித்துத் தரவேண்டும் என அன்றைய உதுமானிய ஆட்சி ஆணையிட்டது. அத்திமரக் கிளைகள் பட்டை உரிக்கப்பட்டு வெண்மையாயின என்ற யோவேலின் விவரிப்பு (1:7) மிகைக்கூற்று அன்று என்பதை அந்தப் பதிவுகள் காட்டின.

யோவேல் காட்டும் அழிவில் வறட்சியும் சேர்ந்திருந்தது. மண்கட்டிகளின் கீழ் விதைகள் மட்கின, களஞ்சியங்கள் பாழாயின, நீரோடைகள் வற்றின, மேய்ச்சல் இன்றிக் கால்நடைகள் தவித்தன. இதன் விளைவாக, கோவிலில் நாள்தோறும் படைக்கப்பட்ட உணவுப் படையலும் நீர்மப் படையலும் நின்றுபோயின. இப்படையல்களுக்கு மாவும் ஒலிவ எண்ணெயும் திராட்சை மதுவும் தேவை. இம்மூன்றும் விளையாதபோது வழிபாடே தடைப்பட்டது. எனவே இப்பஞ்சம் வயிற்றுப் பசி மட்டுமன்றி, இறைவனுக்கும் மக்களுக்கும் இடையிலான உறவு அறுந்ததற்கான அடையாளமாகவும் கருதப்பட்டது.

வாக்குறுதியின் உள்ளடக்கம்

இரண்டாம் அதிகாரத்தின் நடுவில் மூப்பர், குழந்தைகள், பால்குடிக்கும் சிசுக்கள், மணமகன், மணமகள் என அனைவரும் ஒன்றுகூடி நோன்பிருக்க அழைக்கப்படுகின்றனர். அதற்கு விடையாக 2:18 முதல் வாக்குறுதி தொடங்குகிறது. இதன் அமைப்பில் கவனிக்கத்தக்கவை பின்வருமாறு.

முதலாவதாக, தானியம், திராட்சை இரசம், எண்ணெய் ஆகிய மூன்றும் தரப்படும் எனச் சொல்லப்படுகிறது. இவை முதல் அதிகாரத்தில் இழந்தவையாகப் பட்டியலிடப்பட்ட அதே மூன்று பொருள்கள் ஆகும். பொன், வெள்ளி, படைபலம், அரசாட்சி ஆகியவை இவ்விடத்தில் பேசப்படவில்லை.

இரண்டாவதாக, ஆறுதல் மொழி முதலில் நிலத்துக்கும் (2:21), பின்னர் காட்டு விலங்குகளுக்கும் (2:22), அதன் பின்னரே சீயோனின் மக்களுக்கும் (2:23) சொல்லப்படுகிறது. முதல் அதிகாரத்தில் துன்புற்ற நிலமும் விலங்குகளும் இங்கு மனிதருக்கு முன்னால் வைக்கப்படுகின்றன. நிலம் உயிர்த்தால் மேய்ச்சல் தழைக்கும், மேய்ச்சல் தழைத்தால் விலங்கு பிழைக்கும், பின்னர் மனிதர் உண்பர் என்ற வேளாண் ஒழுங்கும் இதுவே.

மூன்றாவதாக, மழையின் அளவு குறிப்பிடப்படுகிறது. 2:23இல் உள்ள லித்சதாக்கா என்ற எபிரேயச் சொல் 'நேர்மைக்கேற்ப' என்றும் 'தக்க அளவில்' என்றும் பொருள்படும். அதே வசனத்தில் வரும் மோரே என்ற சொல்லுக்கு 'முன்மாரி', 'ஆசிரியர்' என்னும் இரு பொருள்களும் உண்டு. எனவே இலத்தீன் வுல்காத்தா மொழிபெயர்ப்பும் மார்ட்டின் லூத்தரின் செருமானிய மொழிபெயர்ப்பும் இவ்விடத்தில் நேர்மையின் ஆசிரியரைக் காண்கின்றன. மாறாக, ஆங்கிலத்தின் ஜேம்சு அரசர் பதிப்பும் தமிழில் பரவலாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பும் தக்க அளவிலான முன்மாரியைக் காண்கின்றன. வசனத்தின் பிற்பகுதி முழுவதும் மழையைப் பற்றியே பேசுவதால், மழை எனக் கொள்வதே சூழலுக்குப் பொருந்தும் எனப் பலர் கருதுகின்றனர்.

நான்காவதாக, வெட்டுக்கிளி தின்ற 'ஆண்டுகள்' ஈடுசெய்யப்படும் எனப் பன்மையில் கூறப்படுகிறது (2:25). பட்டை உரிக்கப்பட்ட அத்தியும் திராட்சையும் மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் இப்பன்மை இயல்பானதே. இங்கு ஆளப்படும் எபிரேய வினைச்சொல், சட்டப்படி இழப்பீடு கொடுப்பதையும் குறிப்பது. ஒருவனின் கால்நடை மற்றொருவன் வயலை மேய்ந்தாலோ, ஒருவன் மூட்டிய தீ மற்றொருவன் கதிர்களை எரித்தாலோ ஈடு கொடுக்கவேண்டும் என்னும் விடுதலைப் பயண (யாத்திராகம) நூலின் சட்டங்களில் (22:5-6) இதே சொல் வருகிறது. வெட்டுக்கிளிகளைத் தம் படை என்று கூறும் இறைவனே அவை மேய்ந்த வயலுக்கு ஈடு தருவதாகச் சொல்கிறார் என்பது இவ்வாக்கின் வியப்புக்குரிய கூறு ஆகும்.

வானம் பார்த்த பூமி

இவ்வாக்குறுதியில் மழைக்கு இத்துணை முதன்மை ஏன் என்பதற்கு இணைச் சட்ட நூலின் 11ஆம் அதிகாரம் விளக்கம் தருகிறது. அங்கு எகிப்தும் கானானும் ஒப்பிடப்படுகின்றன. எகிப்தில் விதைத்தவர்கள் காய்கறித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதுபோலத் தம் காலால் நீர் பாய்ச்சினர் என்றும், கானான் நாடோ வானத்தின் மழைநீரைக் குடிக்கும் மலைகளும் பள்ளத்தாக்குகளும் உள்ள நாடு என்றும் அந்நூல் கூறுகிறது. நைல் ஆற்றின் வெள்ளமும் வாய்க்கால்களும் எகிப்தைக் காத்தன. யூதா மலைநாட்டில் அத்தகைய பேராறு இல்லை. யோர்தான் ஆறு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுவதால் மலைமேல் உள்ள வயல்களுக்குப் பயன்படவில்லை. மழைநீரைப் பாறையில் வெட்டிய தொட்டிகளில் சேமித்தே மக்கள் கோடையைக் கடந்தனர்.

தமிழில் 'வானம் பார்த்த பூமி' என வழங்கும் தொடர் யூதாவுக்கு அப்படியே பொருந்தும். எருசலேமின் ஆண்டு மழை ஏறத்தாழ 500 முதல் 600 மில்லிமீட்டர் வரை ஆகும். இது முழுவதும் அக்டோபர் முதல் மே தொடக்கம் வரையான காலத்தில் பெய்கிறது. அதன் பின் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் மழையே இராது. ஆகவே மழை என்பது இவர்களுக்கு மனித முயற்சியால் ஈடுசெய்ய இயலாத ஒன்று. இறைவன் நேரடியாகத் தருவது.

தமிழ் மொழிபெயர்ப்பும் காவிரிக் கடற்கரையும்

பழைய ஏற்பாடு முதன்முதலில் தமிழில் அச்சானது காரைக்காலுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தரங்கம்பாடியில் ஆகும். டேனியர் ஆட்சியில் இருந்த இவ்வூருக்கு 1706ஆம் ஆண்டு வந்த செருமானியரான சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1714-1715இல் அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத்து நூல் வரை மொழிபெயர்த்த நிலையில் அவர் 1719இல் காலமானார். எஞ்சிய நூல்களைப் பெஞ்சமின் சூல்ச்சு மொழிபெயர்த்து முடித்தார். 1723 முதல் 1728 வரையான ஆண்டுகளில் இவை பகுதி பகுதியாக அச்சேறின. யோவேல் உள்ளிட்ட இறைவாக்கினர் நூல்களும் இவற்றுள் அடங்கும். இவ்வாறு, மழையை எதிர்நோக்கிய மலைநாட்டு மக்களின் நூல், ஆற்றுப் பாசனத்தில் நெல் விளையும் கடற்கரையில் தமிழ் வடிவம் பெற்றது.

தமிழில் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுப்பது மரபு. அவற்றுள் முன்பனி (மார்கழி, தை), பின்பனி (மாசி, பங்குனி) என்ற இணை உண்டு. முன்மாரி, பின்மாரி என்னும் சொற்களும் அதே அமைப்பில் உள்ளதால் தமிழ்க் காதுக்கு இயல்பாக ஒலிக்கின்றன. ஆனால் அந்த இயல்பே மயக்கத்துக்கும் இடம் தருகிறது. பின்பனி முடிந்து இளவேனில் தொடங்கும் பங்குனி, சித்திரை மாதங்களே எபிரேயரின் பின்மாரிக் காலம். காவிரிக் கழிமுகத்தில் அது மழைக்காலம் அன்று.

காரைக்கால் வட்டாரம்

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாவட்டம் ஆகும். புதுச்சேரி நகரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தெற்கே, தமிழ்நாட்டின் மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் வங்காள விரிகுடாவும் சூழ அமைந்துள்ளது. 1739 முதல் பிரெஞ்சியர் வசம் இருந்து, 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்திய நிருவாகத்துக்கு மாறியது.

காவிரியின் கிளைகளான அரசலாறு, திருமலைராஜனாறு, நாட்டாறு, நூலாறு, நண்டலாறு முதலியவை இம்மாவட்டத்தின் வழியாகவோ எல்லையிலோ ஓடிக் கடலை அடைகின்றன. குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை, கருநாடக அணைகள், மேட்டூர் அணை, கல்லணை ஆகியவற்றைக் கடந்த பின்னரே இவ்வயல்களை வந்தடையும். பாசன வழியின் இறுதியில் இருப்பதால் இப்பகுதி கடைமடை எனப்படுகிறது. மேட்டில் உள்ளோர் பாய்ச்சிய பிறகு எஞ்சிய நீரே கடைமடைக்குக் கிடைக்கும். கடலோரமாகையால் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதும் உண்டு.

காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 5 அன்று வழங்கிய இறுதித் தீர்ப்பில், காரைக்காலின் பொருட்டுப் புதுச்சேரிக்கு ஆண்டுக்கு 7 டி.எம்.சி. (700 கோடி கன அடி) நீர் ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் தமிழ்நாடு, கருநாடகம் ஆகியவற்றின் பங்குகள் மாற்றப்பட்டபோதும் இவ்வளவு மாற்றப்படவில்லை. இந்நீர் வருவதற்கு மழை மட்டும் போதாது. அணை திறப்பும், மாநிலங்களின் உடன்பாடும், வாய்க்கால் தூர்வாரலும் தேவை.

மேட்டூர் அணையைக் குறுவைப் பாசனத்துக்காக ஜூன் 12ஆம் நாள் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்நாளில் திறக்க இயலவில்லை; 2020இல் மீண்டும் அந்நாளில் திறக்கப்பட்டது. இடைப்பட்ட 2016ஆம் ஆண்டில் ஆற்றுநீரும் குறைந்து வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. தமிழ்நாட்டில் அப்பருவமழை இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததால், 2017 சனவரியில் அம்மாநில அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. ஒரு பருவம் மட்டுமன்றித் தொடர்ந்து பல 'ஆண்டுகள்' விளைச்சலை இழப்பது எத்தகையது என்பதைக் காவிரிக் கழிமுக மக்கள் இவ்வாறு அறிந்துள்ளனர்.

இரு வேளாண் நாட்காட்டிகள்

யூதா மலைநாட்டின் வேளாண் ஆண்டையும் காரைக்கால் வட்டாரத்தின் வேளாண் ஆண்டையும் பின்வருமாறு ஒப்பிடலாம்.

* ஜூன் முதல் செப்டம்பர் வரை: யூதாவில் மழையற்ற கோடை, திராட்சையும் அத்தியும் பழுக்கும் காலம். காரைக்காலில் ஆற்றுநீரைக் கொண்டு குறுவை நெல் விளையும்; ஆகஸ்டு முதல் சம்பா விதைப்பும் நாற்றங்கால் பணியும் தொடங்கும்.
* அக்டோபர், நவம்பர்: யூதாவில் முன்மாரி, உழவும் விதைப்பும் நடைபெறும். காரைக்காலில் வடகிழக்குப் பருவமழை. சம்பா இளம்பயிராக வயலில் நிற்கும்.
* டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: யூதாவில் குளிர்கால மழை, பயிர் வளரும். காரைக்காலில் மழை ஓய்ந்து தைப்பொங்கலை ஒட்டிச் சம்பா அறுவடை தொடங்கும்.
* மார்ச்சு, ஏப்ரல்: யூதாவில் பின்மாரி, கதிர் முற்றி வாற்கோதுமை அறுவடை தொடங்கும். காரைக்காலில் நெல் அறுத்த வயல்களில் உளுந்தும் பச்சைப்பயறும் மண்ணின் ஈரத்திலும் பனியிலும் விளைந்து அறுவடையாகும்.

காரைக்காலின் ஆண்டு மழை 1,200 மில்லிமீட்டருக்கும் அதிகம். எருசலேமின் மழையைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. முன்மாரியின் மாதங்களும் வடகிழக்குப் பருவமழையின் மாதங்களும் ஒன்றாக இருப்பினும், அவை செய்யும் வேலை வேறு. அங்கு அம்மழை விதைக்கச் சொல்கிறது. இங்கு ஏற்கெனவே விதைத்ததைக் காக்கவும் செய்கிறது, அளவு மிகுந்தால் மூழ்கடிக்கவும் செய்கிறது. 2018 நவம்பர் 16இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் இக்கடற்கரையில் பேரழிவை ஏற்படுத்தியது.

அறுவடைக்கு முன் வரும் கடைசி மழை யூதாவுக்கு வரம். காவிரிக் கழிமுகத்திலோ அறுவடை நேரத்து மழை இழப்பு. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழையால் கழிமுக மாவட்டங்களில் முற்றிய சம்பாக் கதிர்கள் சாய்ந்து நீரில் மூழ்கின. எனவே கழிமுகத்து உழவர் ஒருவர் 'பின்மாரி' என்ற சொல்லைத் தம் வயலை மட்டும் மனத்தில் கொண்டு படித்தால், அது வாக்குறுதியாகத் தோன்றாமல் அச்சமூட்டுவதாகவே தோன்றக்கூடும்.

பிற்காலப் பொருள்கோள்கள்

யோவேல் 2:28-32இல் மாந்தர் யாவர்மேலும் ஆவி பொழியப்படும் என்ற வாக்கு உள்ளது. (எபிரேயப் பதிப்பில் இது மூன்றாம் அதிகாரமாகத் தனித்து நிற்கிறது.) பெந்தக்கோஸ்து நாளில் பேதுரு இவ்வாக்கை எடுத்துரைத்ததாகத் திருத்தூதர் பணிகள் (அப்போஸ்தலர் நடபடிகள்) நூலின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. மழை குறித்த பகுதியை அடுத்து இது வருவதால், மழையையும் ஆவியின் பொழிவையும் இணைத்துப் பார்க்கும் வழக்கம் தோன்றியது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பெந்தக்கோஸ்து இயக்கத்தினர், திருத்தூதர் காலத்துப் பொழிவை முன்மாரி என்றும் தம் காலத்துப் பொழிவைப் பின்மாரி என்றும் கொண்டனர். வெஸ்லி மைலாண்டு என்பவர் 1910இல் இக்கருத்தை நூலாகவே எழுதினார். 1948இல் கனடாவின் சாஸ்கச்சுவான் மாநிலத்தில் தொடங்கிய எழுப்புதல் ஒன்று 'பின்மாரி இயக்கம்' என்றே பெயர் பெற்றது. தமிழ்ப் பெந்தக்கோஸ்து சபைகளிலும் பின்மாரி என்ற சொல் இப்பொருளில் வழங்குகிறது.

இழந்த ஆண்டுகள் திரும்பக் கிடைக்கும் என்ற வசனத்தை, தனியொருவர் இழந்த பணம், பதவி, நலம் ஆகியவை உறுதியாகத் திரும்பும் என்பதற்கான வாக்காகக் கொள்வோரும் உள்ளனர். இறைநம்பிக்கையின் மொழியில் இத்தகைய விரிவாக்கங்கள் எழுவது இயல்பே. ஆயினும் அவை நூலின் முதற்பொருளுக்கு வெளியே செல்பவை என விவிலிய ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர்.

வரலாற்றுச் சூழலில் வாக்கின் பொருள்

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், யோவேலின் வாக்குறுதி மூன்று வகையில் வரையறுக்கப்பட்டது என்பது விளங்கும்.

ஒன்று, இது தனிமனிதருக்கு அன்றி ஒரு முழுச் சமூகத்துக்குச் சொல்லப்பட்டது. பச்சிளங்குழந்தை முதல் மூப்பர் வரை அனைவரும் கூடி அழுத பின் அனைவருக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட விடை இது. ஒருவர் வயலுக்கு மட்டும் பெய்யும் மழை என ஒன்று இல்லை.

இரண்டு, இது அளவற்ற செல்வத்தைப் பற்றியது அன்று. களமும் ஆலையும் நிறைவதும், மக்கள் உண்டு நிறைவடைவதும், படையல் மீண்டும் தொடங்குவதுமே இதன் எல்லை. பஞ்சத்தையும் கடனையும் கண்ட மக்களுக்கு ஓர் இயல்பான விளைச்சல் ஆண்டு திரும்புவதே மாபெரும் அருளாக இருந்தது.

மூன்று, இது காலத்தையும் அளவையும் சார்ந்தது. மழை வரும் என்பது மட்டும் வாக்கு அன்று. உரிய மாதத்தில், தக்க அளவில் வரும் என்பதே வாக்கு. மழை மிகுதியும் இழப்பையே தரும் என்பதைக் காவிரிக் கழிமுகத்தார் நன்கு அறிவர்.

இம்மூன்றாவது கூறின் வழியாகவே இவ்வாக்கு காரைக்கால் போன்ற பகுதியின் வாசகருக்கும் நெருக்கமாகிறது. மார்ச்சு மாத மழையை அவர் வேண்டமாட்டார். ஆனால் ஜூனில் ஆற்றுநீரும், ஐப்பசியில் அளவான மழையும், தையில் வெயிலும் வேண்டும் என்பதை உணர்வார். மாதங்கள் மாறினாலும், பருவம் தவறாத ஓர் ஆண்டை எதிர்நோக்கும் உழவரின் காத்திருப்பு இரு நிலங்களுக்கும் பொதுவானது. அதே வேளையில் ஒரு வேறுபாடும் உண்டு. யூதாவின் உழவர் வானத்தை மட்டும் நோக்கினார்; கடைமடையின் உழவர் வானத்தோடு அணைகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் நோக்கவேண்டியுள்ளது. யோவேல் கூறும் மழை மனிதர் கையில் இல்லாதது. வாய்க்காலில் வரும் நீரின் பங்கீடோ மனிதர் பொறுப்பில் உள்ளது. இணைச் சட்ட நூல் எகிப்துக்கும் கானானுக்கும் இடையே காட்டிய வேறுபாடும் இதுவே ஆகும்.